அவசர காலத்திலும் நோயாளியின் அருகில் ஒருவர் இருக்க உரிமை வேண்டும்: காரைக்குடி வட்டாரத்தார் கருத்துச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான்காரன் (இழையைத் தொடங்கியவர்)

நம் வட்டாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் சென்ற வாரம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "காய்ச்சல் பரவி வருவதால் மறு அறிவிப்பு வரும் வரை உள்நோயாளிகளைப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை." அவ்வளவுதான். எந்தக் காய்ச்சல், எந்த வார்டு, எத்தனை நாள், யாருக்கு விலக்கு, யாரிடம் கேட்பது என்று ஒரு வரி கிடையாது. கையெழுத்தும் இல்லை. வாசலில் நின்ற செக்யூரிட்டியின் மனம்தான் விதி. தெரிந்தவர்கள் உள்ளே போனார்கள். அரியக்குடியிலிருந்து தூக்குச்சட்டியோடு வந்திருந்த வயதான அம்மாள் வெளியிலேயே நின்றார்.

2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, என் சித்தப்பா வேறொரு மருத்துவமனையில் இருந்தார். ஊர், பெயர் வேண்டாம். அவருக்கு இரண்டு காதும் மந்தம். கருவி இல்லாமல் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சேர்க்கும்போது கைக்கடிகாரம், மோதிரம் இவற்றோடு காதுக் கருவியையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளியே கொடுத்தனுப்பிவிட்டார்கள். "இது நகை இல்லை, இது இல்லாமல் அவருக்கு எதுவும் கேட்காது" என்று தம்பி அந்த உறையை ஏந்திக்கொண்டு வாசலில் மன்றாடினான். வெளிப்பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

உள்ளே எல்லோரும் முகக் கவசத்தோடு இருந்ததால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. யாரோ வருகிறார்கள், எதையோ முகத்தில் மாட்டுகிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. பிடுங்கி எறிந்திருக்கிறார். கேஸ் ஷீட்டில் "குழப்ப நிலை, ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருந்தது. கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். சித்தப்பா பிழைத்து வந்துவிட்டார். வீடு வந்தபோது இரண்டு மணிக்கட்டிலும் நீலம் பாரித்திருந்தது. வீட்டு ஆள் ஒருவர் ஐந்து நிமிடம் அருகில் நின்றிருந்தால் கருவியை மாட்டிவிட்டு, "இது ஆக்சிஜன், கழற்றாதீர்கள்" என்று சொல்லியிருப்பார்.

கூட்டத்தைத் தடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நோயாளி விரும்பும் ஓர் ஆளை, உரிய பாதுகாப்போடு, எந்த அவசர காலத்திலும் தடுக்கக் கூடாது. இது மருத்துவமனையின் தயவாக இல்லாமல் நோயாளியின் உரிமையாக எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் கருத்து என்ன?

செக்காலை வாசகர்

ஐயா, உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது கொடுமை. ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஒருவர் படுத்துவிட்டார் என்றால் பங்காளிகள், சம்பந்தி வீட்டார், கோவில் வகையில் தெரிந்தவர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாகக் கிளம்பிவிடுவார்கள். போகாவிட்டால் பிறகு அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் என் மாமனாரைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் இருமிக்கொண்டே நலம் விசாரித்தார். மாமனாருக்கு நெஞ்சில் சளி கட்டி மறுபடியும் ஐ.சி.யு.வுக்குப் போனார். அவரிடமிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு வாசலில் ஒரு கண்டிப்பான ஆள் நின்றிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.

'உரிமை' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஒருவர் என்பது நான்கு பேராகும். நோய் பரவும் காலத்தில் வாசலில் அதை வாதாடித் தீர்க்க முடியுமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர், தேவகோட்டை

அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது.

முதலில் பயத்தைப் பற்றி. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நோய் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனைக்குள் இருந்தபோதுதான் தொற்றியது. அதில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்களும் பக்கத்துப் படுக்கைக்காரர்களைப் பார்க்க வந்தவர்களும் உண்டு. பேராம்பிராவில் பணியில் இருந்த செவிலியர் லினி அந்த நோயிலேயே இறந்தார். அதனால், "என் அம்மாவை நான் பார்க்காமல் யார் பார்ப்பது" என்று ஒருவர் உள்ளே நுழையும்போது எங்கள் வயிறு கலங்குவது வெறும் அதிகாரத் திமிர் இல்லை. பாதுகாப்பு உடையைப் போடுவது எளிது. கழற்றும்போதுதான் தொற்று கையிலும் முகத்திலும் ஒட்டும். பழகாதவர் அவசரத்தில் முதலில் முகக் கவசத்தைக் கழற்றுவார். நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கொரோனா வார்டில் முப்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி நின்ற இரவுகளும் உண்டு. ஊசி, சொட்டு மருந்து, ஆக்சிஜன் அளவு, புதிய அட்மிஷன். நடுவில் ஒரு தாத்தா தண்ணீர் கேட்பார். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப முடியும். கஞ்சி ஆறிப் போயிருக்கும், கை நடுக்கத்தில் அவரால் டம்ளரைப் பிடிக்க முடியாது. சாதாரண நாளில் இந்த வேலைகளை யார் செய்கிறார்கள்? புரட்டிப் படுக்க வைப்பது, வாய் துடைப்பது, ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது, மருந்துச் சீட்டோடு ஓடுவது எல்லாமே கூட இருக்கும் ஆள்தான். நம் மருத்துவமனைகள் அந்த ஆளைக் கணக்கில் வைத்துத்தான் ஓடுகின்றன. அவசர காலத்தில் அவரை வெளியே நிறுத்தினோம். அவர் பார்த்த வேலைக்கு மாற்றாள் போடவில்லை. தம்பியின் சித்தப்பா கையைக் கட்டிய சிஸ்டர் மோசமானவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அப்போது வேறு வழி இருந்திருக்காது.

பயிற்சி கொடுத்து ஓர் ஆளை விடலாம் என்பதே என் கருத்து. பத்து நிமிடப் பயிற்சி போதும்.

தேவகோட்டை வக்கீல்

சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்கும்.

பொது மருத்துவமனை நோயாளிக்கு "என்னைப் பார்க்க ஒருவர் வரலாம்" என்று நேரடியாக உரிமை தரும் சட்டப் பிரிவு இந்தியாவில் இல்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் நோயாளிகள் உரிமைச் சாசனம் ஒன்றை வரைந்தது. அதில் 17 உரிமைகள். தகவல் பெறுவது, ஆவணங்களைப் பெறுவது, அவசரச் சிகிச்சை, கண்ணியம், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது, பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்பது வரை எல்லாம் இருக்கிறது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. பார்வையாளர் உரிமை தனியாக இல்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 26ஆம் பிரிவு. மனநல மருத்துவமனையில் இருப்பவருக்கு, நியாயமான நேரங்களில், அந்த நிறுவனத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டு, பார்வையாளர்களைச் சந்திக்கவும் உரிமை உண்டு, சந்திக்க மறுக்கவும் உரிமை உண்டு. தொலைபேசிக்கும் அப்படியே. செக்காலை நண்பர் அந்த 'மறுக்கவும்' என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் சுற்றி நின்றபோது உங்கள் மாமனாரை யாராவது கேட்டார்களா? உரிமை நோயாளியுடையது என்று வைத்துவிட்டால் கூட்டத்தைத் தடுக்கும் அதிகாரமும் அவர் கைக்கே வந்துவிடுகிறது.

கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம், நம் மாநிலத்தின் 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்று மூன்று பலமான ஆயுதங்கள் இருக்கின்றன. நோயாளியின் பக்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு இருக்கிறது. அதை வைத்து வழக்குப் போடலாம். ஆனால் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவருக்காக ரிட் மனு தயார் செய்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் உத்தரவு வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 19 அன்று, கொரோனா மருத்துவமனைகளில் நோயாளிகள் நடத்தப்படும் விதத்தைத் தானாக முன்வந்து விசாரித்த வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. நோயாளி ஒருவருக்கு ஓர் ஆள், விருப்பப்பட்டால், மருத்துவமனை வளாகத்துக்குள் ஒதுக்கப்பட்ட இடத்தில் இருக்க அனுமதிக்க வேண்டும். நேரிலும் தொலைபேசியிலும் விவரம் சொல்ல உதவி மையம் வேண்டும். கட்டிலருகே அல்ல, வளாகத்துக்குள். அந்த அளவுக்காவது பேச்சு போயிருக்கிறது.

கானாடுகாத்தான்காரன்

வக்கீல் ஐயா, 2021 மேயில் சித்தப்பா உள்ளே இருந்தபோது அந்த உத்தரவு வந்து கிட்டத்தட்ட ஓராண்டு ஆகியிருந்தது. வாசலில் நின்ற எங்களில் ஒருவருக்கும் தெரியாது. செக்யூரிட்டிக்கும் தெரிந்திருக்காது. வெளிநாடுகளில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

தேவகோட்டை வக்கீல்

இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம், மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கான இல்லம் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். விதிவிலக்கான காரணம் இல்லாமல் பார்வையாளரைத் தடுக்கக் கூடாது. கண்காணிப்பு ஆணையம் அதைச் சோதிக்கும். கொரோனாவில் முதியோர் இல்லங்களை மாதக்கணக்கில் பூட்டி வைத்ததற்கு எழுந்த கோபத்தில் பிறந்த விதி அது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். முதியோர் இல்லங்களில் இருப்பவர் தனக்கு இன்றியமையாதவர் என்று ஒருவரைக் குறிப்பிடலாம்; அவரை முற்றாகத் தடை செய்ய முடியாது. வேறு சில மாநிலங்கள் மருத்துவமனைகளுக்கும் சேர்த்துத் தனிச் சட்டம் போட்டன. அவற்றில் பாதுகாப்பு உடை, உடல்நலச் சோதனை போன்ற நிபந்தனைகளை மருத்துவமனை விதிக்க இடம் இருக்கிறது. நிபந்தனை போடலாம், கதவை அடைக்கக் கூடாது. நாம் கேட்க வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து

வக்கீல் ஐயா சொன்ன 'குறிப்பிடலாம்' என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த ஆள் யார் என்று யார் முடிவு செய்வது?

நம் செட்டிநாட்டு வீடுகளின் நிலை உங்களுக்குத் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவின் இந்த முனை முதல் அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் இரண்டே இரண்டு முதியவர்கள். பிள்ளைகள் நாங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். என் அம்மாவோடு இருபது ஆண்டுகளாக இருப்பவர் வீட்டில் சமையல் பார்க்கும் பெரியநாயகி அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்). அம்மாவுக்கு எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு வாங்கும், சர்க்கரை இறங்கினால் முகம் எப்படி மாறும் என்பதெல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். 2020இல் அம்மாவைச் சேர்த்தபோது, "ரத்த உறவு மட்டும்தான்" என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். விமானம் கிடையாது. நான் தொலைபேசியில் கெஞ்சினேன். அம்மாவும் உள்ளேயிருந்து அவரைத்தான் கேட்டிருக்கிறார். கடைசியில், இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் படி மிதிக்காத ஒரு தூரத்துப் பங்காளியைத் தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தோம். அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அமெரிக்காவில் 2010 ஏப்ரலில் அதிபர் ஒபாமா இதற்காகவே உத்தரவிட்டார். புளோரிடாவில் ஒரு பெண் இறக்கும் தறுவாயில் இருந்தபோது அவரோடு வாழ்ந்த துணைவியை மணிக்கணக்கில் உள்ளே விடாத சம்பவம் அதற்குப் பின்னணி. 2011 ஜனவரியிலிருந்து, அரசின் மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்கும் மருத்துவமனைகளில், தன்னைப் பார்க்க வருவது யார் என்று நோயாளியே சொல்லலாம். உறவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் மனுவில் இது முதலில் வர வேண்டும். பிள்ளைகள் ஊரில் இல்லாத நம் பக்கத்து முதியவர்களுக்கு ரத்த உறவு விதி உதவாது.

புதுவயல் அம்மா

ஆச்சிமார்கள் பற்றியே பேசுகிறீர்கள். பிரசவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாடு 2000களிலேயே வந்துவிட்டது. மூத்த மகள் பிறந்தபோது என் மாமியார்தான் கூட இருந்தார். இடுப்பைத் தேய்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2020இல் இரண்டாவது பிரசவம். எனக்குத் தொற்று இல்லை, சோதனை முடிவு கையில் இருந்தது. மாமியாருக்கும் இல்லை. அப்படியும் விடவில்லை. கொரோனா காலத்திலும் பிரசவத்தில் தாய் விரும்பும் துணை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்ததை நான் பிறகுதான் படித்தேன். சோதனை முடிவைப் பார்த்துவிட்டாவது முடிவெடுத்திருக்கலாமே!

பயிற்சி மருத்துவர்

மதுரையில் மேற்படிப்புப் படிக்கிறேன், சொந்த ஊர் கோட்டையூர். மருத்துவ ஆதாரம் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன். நமக்குச் சாதகமாக இல்லாததையும் சேர்த்து.

ஐ.சி.யு.வில் வயதானவர்களுக்குப் பகல் இரவு தெரியாமல், இடம் தெரியாமல் மனம் குழம்பும் நிலை வரும். டெலிரியம் என்போம். கண்ணாடி, காதுக் கருவி இல்லாமல் இருப்பது அதை மோசமாக்கும். அவற்றை முதல் நாளே மாட்டிவிட வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கும் விஷயம். தெரிந்த முகம் அருகில் இருப்பதும் நல்லது என்று நம்புகிறோம். பிரேசிலில் 36 ஐ.சி.யு.க்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். குடும்பத்தார் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை இருக்கலாம் என்று ஒரு பிரிவு, வழக்கமான ஒன்றரை மணி நேரம் போல ஒரு பிரிவு. டெலிரியம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை: 12 மணி நேரப் பிரிவில் 18.9 சதவீதம், மற்றதில் 20.1 சதவீதம். ஆக, "சொந்தக்காரர் இருந்தால் குழப்பமே வராது" என்று மனுவில் எழுத வேண்டாம், யாராவது இந்த ஆய்வைக் காட்டி மறுத்துவிடுவார்கள். ஆனால் அதே ஆய்வில் ஐ.சி.யு. தொற்றும் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தன. அது கொள்ளைநோய்க் காலத்தில் நடந்த ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொள்ளைநோய்க்கு எபோலாவைப் பாருங்கள். கொரோனாவைவிடப் பல மடங்கு உயிர்க்கொல்லி. 2018இல் தொடங்கிய காங்கோ பரவலின்போது அலிமா என்ற மருத்துவ உதவி அமைப்பு 'கியூப்' என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அறைகளைப் பயன்படுத்தியது. குடும்பத்தார் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். எபோலாவுக்கே அப்படி ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கும்போது, காய்ச்சல் சீசனுக்கு ஒரு காகிதம் ஒட்டிக் கதவைச் சாத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செக்காலை வாசகர்

தம்பி, அது சரி. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2024 நவம்பரில் கிண்டியில் அரசு மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். மருத்துவமனைகளைப் பாதுகாக்க 2008லிருந்தே மாநிலச் சட்டம் இருந்தும் இதுதான் நிலை. அவசர காலத்தில் மருந்து இல்லை, படுக்கை இல்லை என்றால் உள்ளே இருக்கும் அந்த 'ஓர் ஆள்' என்ன செய்வார் என்று யார் உத்தரவாதம் தருவது?

ஓய்வுபெற்ற சிஸ்டர், தேவகோட்டை

அந்தச் செய்தியைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. என் மருமகளும் செவிலியர்தான்.

ஆனால் என் அனுபவத்தில் சண்டை பெரும்பாலும் வெளியே நிற்பவர்களிடமிருந்துதான் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் காலை முதல் மாலை வரை வாசலில் நிற்பவருக்கு, திடீரென்று "முடிந்துவிட்டது" என்று செய்தி வந்தால் அவர் என்ன நினைப்பார்? ஒன்றுமே செய்யாமல் சாகவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். ராத்திரி முழுவதும் கூட இருந்து, டூட்டி டாக்டர் நான்கு முறை வந்து பார்த்ததைக் கண்ணால் கண்டவர் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடையாளப் பட்டை கட்டுங்கள், பெயர் எழுதுங்கள், குடித்துவிட்டு வந்தால் வெளியேற்றுங்கள். ஒருவன் தப்பு செய்தான் என்பதற்காக நோயாளிகள் அத்தனை பேரையும் தனியாகப் படுக்க வைக்க முடியாது.

பள்ளத்தூர் வாசி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

என் தாயார் 2020 ஆகஸ்டில் தொற்றில் இறந்தார். முகத்தைக் காட்டவில்லை. உறையைத் திறக்கவே கூடாது, மத்திய அரசு விதி என்று சொன்னார்கள். நம்பினோம். தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். இரண்டு ஆண்டு கழித்து அந்த விதியை ஒரு நண்பர் எடுத்துக் காட்டினார். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்று வெளியிட்டது. உறையின் முகப் பகுதியை ஊழியர்கள் பாதுகாப்போடு திறந்து, உறவினர்கள் கடைசியாக ஒரு முறை பார்க்க அனுமதிக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. தொடாமல் செய்யும் சடங்குகளுக்கும் அனுமதி உண்டு. குளிப்பாட்டுவது, கட்டிப் பிடிப்பது, முத்தமிடுவது கூடாது.

விதியே எங்கள் பக்கம் இருந்திருக்கிறது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. என் தங்கை இன்றும் "அது அம்மாதானா" என்று கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

உரிமையை எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வாசலில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்காரன்

பள்ளத்தூர் ஐயா, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நீங்கள் சொன்னதை மனுவில் அப்படியே சேர்க்கிறேன்.

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். மாவட்ட ஆட்சியருக்கும், தனியார் மருத்துவமனைகளின் பதிவைக் கவனிக்கும் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரே மனு:

"சிவகங்கை மாவட்டத்திலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகள் எந்த நோய்ப் பரவல் அல்லது பேரிடர்க் காலத்திலும், உள்நோயாளி தாமே குறிப்பிடும் ஒருவரை, அவர் உறவினரோ அல்லரோ, உடன் இருக்க அனுமதிக்க வேண்டும். நோயாளியால் பேச முடியாவிட்டால் அவரை வழக்கமாகப் பராமரிப்பவரை அனுமதிக்க வேண்டும். தொற்றுச் சோதனை, பாதுகாப்பு உடை, குறுகிய பயிற்சி, அடையாளப் பட்டை ஆகிய நிபந்தனைகளை மருத்துவமனை விதிக்கலாம். நோயின் தன்மையால் அருகில் விடவே முடியாது என்றால், அதற்கான காரணத்தை எழுத்தில், பொறுப்பு மருத்துவரின் கையெழுத்தோடு தர வேண்டும். கண்ணாடி வழியாகவோ வீடியோ அழைப்பிலோ நாள்தோறும் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். காதுக் கருவி, மூக்குக் கண்ணாடி, பல்செட், ஊன்றுகோல் ஆகியவற்றை நோயாளியிடமிருந்து பிரிக்கக் கூடாது. பிரசவம், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எந்த நிலையிலும் முழுத் தடை கூடாது. கட்டுப்பாடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முறையீடு யாரிடம் என்பதை வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்."

தேவகோட்டை வக்கீல்

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தம். மாற்றுத்திறனாளிகள் என்ற இடத்தில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். பேரிடர்க் காலத்தில் சமமான பாதுகாப்பு அவர்களுக்குச் சட்டப்படியே உண்டு. அடுத்து, நோயாளி தாம் குறிப்பிட்ட ஆளை மாற்றவும், யாரையும் பார்க்க மறுக்கவும் உரிமை உண்டு என்று ஒரு வரி. ஆட்சியரால் புதிய சட்டம் போட முடியாது. ஆனால் மாவட்ட அளவில் அறிவுறுத்தலாகச் சுற்றறிக்கை அனுப்பவும் மனுவைச் சுகாதாரத் துறைச் செயலருக்கு அனுப்பவும் முடியும். அரசு மருத்துவமனைகளின் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்திலும் இதை வைக்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து

மருத்துவமனையில் சேர்க்கும் படிவத்திலேயே "உடன் இருக்க விரும்பும் நபர்" என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். மூச்சுத் திணறும் நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அம்மாவிடம் நேற்றே கேட்டு எழுதி வாங்கி, அக்காவின் ஆதார் நகலோடு வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டேன். தனியாக இருக்கும் பெற்றோர் உள்ள எல்லோரும் இதை இப்போதே செய்துவிடலாம்.

செக்காலை வாசகர்

நிபந்தனைகளை எழுத்தில் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. "உடன் இருப்பவருக்குக் காய்ச்சல், இருமல் இருந்தால் அன்று அனுமதி இல்லை, நோயாளி வேறொருவரைக் குறிப்பிடலாம்" என்பதையும் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், தேவகோட்டை

அது கட்டாயம் வேண்டும். பயிற்சிக்கு என்னென்ன சொல்லித் தர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். கை கழுவும் முறை, உடை கழற்றும் வரிசை, எதைத் தொடக் கூடாது, எப்போது சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். மனுவோடு பின்னிணைப்பாக வையுங்கள். இடமில்லை, நேரமில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது.

கானாடுகாத்தான்காரன்

எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குச் சிவகங்கை போகிறேன். கூட வர விரும்புபவர்கள் காலை எட்டு மணிக்குக் காரைக்குடி புதிய பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். வர முடியாதவர்கள் பெயரையும் ஊரையும் தனிச் செய்தியில் அனுப்பினால் மனுவில் சேர்க்கிறேன். நோயாளியின் பெயர், மருத்துவமனையின் பெயர் எதையும் இங்கே பொதுவில் எழுத வேண்டாம்.

பள்ளத்தூர் வாசி

நானும் தங்கையும் வருகிறோம். அந்த மார்ச் 15 விதியின் நகல்கள் எடுத்து வருகிறேன்.